ஊர் கொடுத்து ஊர் வாங்கிய மத்தியானங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடிப்போம். அவர் அங்கே கேட்ட நம்பரைப் பிடிப்பார். இரண்டு பக்கமும் ஆள் வந்ததும் எங்கள் பலகையில் ஒயரைச் செருகிப் பேசவிடுவோம். காலையில் வியாபாரிகள் கூப்பிடுவார்கள். சாயங்காலம், பிள்ளைகள் குரலைக் கேட்க ஆசைப்படும் தாய் தகப்பன்மார்கள். நடுவில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே அடங்கிவிடும். மாசி வீதிகளில் கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிட்டு மூட்டைமேல் சாய்ந்திருப்பார்கள். யாராவது கூப்பிட்டால் எங்கள் பலகையில் எரியும் விளக்கு அப்போது எப்போதாவதுதான் எரியும்.

அந்த நேரத்தில் பெரிய ஹாலில் இரண்டு பெண்கள்தான் இருப்போம். பக்கத்து நாற்காலியில் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒருவர். சிம்மக்கல்லில் வீடு. அவர் கணவர் அங்கே வெல்ல மண்டி வைத்திருந்தார். உள்ளூரிலிருந்து வரும் பதிவுகளை அக்கா எடுப்பார், வெளியூர் லைன்களை நான் பார்ப்பேன். ஆளில்லாத லைனைக் காதில் வைத்தால் ஒரு இரைச்சல் கேட்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இரைச்சல். திண்டுக்கல் லைன் கொசு பறப்பதுபோல மெல்லியது. காரைக்குடி லைனில் பொட்டல்காட்டுக் காற்று கம்பிகளை உரசிக்கொண்டு போவது அப்படியே கேட்கும். ஃபேன் சுற்ற, கண் செருக, நான் அவற்றை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் வேலையில் யாருக்கும் பெயர் கிடையாது. லைனில் நான் மதுரை. எதிர்ப்பக்கம் இருப்பவர் திண்டுக்கல், அல்லது தேனி, அல்லது காரைக்குடி. "திண்டுக்கல், சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். "மதுரைக்கு இன்னைக்கு ஜலதோஷமா?" என்று கேட்பார்கள். இருபத்துநாலு வயதில் நான் மேலூரைத் தாண்டிக் கிழக்கே போனதில்லை, வாடிப்பட்டியைத் தாண்டி வடக்கே போனதில்லை. திருநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, திரும்பத் திருநகருக்கே போவேன். ஆனால் எந்த ஊரில் மழை பெய்கிறது, எந்த ஊரில் மத்தியானம் ரயில் ஊதுகிறது என்பதெல்லாம் காதால் தெரியும்.

என் தம்பி அப்போது இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் சிநேகிதனின் மாமா அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். அது சில நாட்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. உள்ளே மெல்லிய புத்தகங்கள் இரண்டும், பல பட்டைகளாக வெட்டிய தாயக்கட்டைகளும் இருந்தன. அது ஒரு விளையாட்டு. ஆனால் கட்டம் இல்லை, காய் இல்லை. ஒருவர் ஒரு இடத்தைச் சொல்வார். மற்றவர்கள் அங்கே போய் நிற்பதாக நினைத்துக்கொண்டு, நான் இன்னது செய்கிறேன் என்பார்கள். அதனால் என்ன ஆயிற்று என்பதை முதலாமவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை.

தம்பிக்கு அதிலிருந்த சண்டைகள் பிடித்தன. எனக்குப் பிடித்தது இரண்டாவது புத்தகம். அது தயார் செய்துவைத்த ஒரு பயணம். ஒரு பாழடைந்த கோட்டை. எந்த அறையில் யார் இருக்கிறார், எந்தக் கதவைத் திறந்தால் என்ன, யாரிடம் கேட்டால் எது தெரியும் என்று எல்லாம் அதில் இருந்தது. சொல்லப்போகிறவர் மட்டும்தான் அதைப் படிக்கலாம். முகம் தெரியாத யாரோ ஒருவர், முகம் தெரியாத இன்னொருவருக்காக ஒரு முழு இடத்தையும் கட்டி, விளக்கேற்றி, இனி உன் பாடு என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோட்டையும் அதில் இருந்த மிருகங்களும் எனக்கு ஒட்டவில்லை. அப்படி ஒருவர் விட்டுவிட்டுப் போனது மட்டும் மனதில் தங்கிவிட்டது. பெட்டி திரும்பிப் போன பிறகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சித்திரை மத்தியானம் திண்டுக்கல், தூக்கம் தாங்க முடியவில்லை, ஏதாவது பேசுங்கள் என்றார். என்னைவிட மூத்த பெண் என்று குரலில் தெரியும். வேறொன்றும் தெரியாது. நான் யோசிக்காமல் ஆரம்பித்தேன்.

"நீங்க ஒரு ஆத்துக்குள்ள நிக்கிறீங்க. தண்ணியே இல்ல, அம்புட்டும் மணலு. கொஞ்ச தூரத்துல ஒரு படிக்கட்டு மணலுக்குள்ள இறங்குது. என்ன செய்றீங்க?"

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. பைத்தியம் என்று நினைத்துவிட்டாரோ என்று இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "கால்ல செருப்பு போட்டிருக்கேனா? மணலு சுடுமே."

அவர் உண்மையிலேயே அங்கே போய் நின்றுவிட்டார்.

செருப்பு இருந்தது. அவர் படிகளில் இறங்கினார். கீழே ஒரு கல் கதவு. தள்ளினால் திறக்குமா என்று கேட்டபோது என்னிடம் உருட்டக் கட்டை இல்லை. அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு பதிவு வந்தது. "உங்க நம்பர் சொல்லுங்க" என்று அக்கா கேட்டு எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். கடைசி எண் ஏழு. ஒற்றைப்படை. கதவு திறந்தது.

அதையே நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். அடுத்து யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் நம்பரின் கடைசி எண். ஒற்றைப்படை என்றால் நினைத்தது நடக்கும். இரட்டைப்படை என்றால் நடக்காது. பூஜ்யம் வந்தால் யாரும் எதிர்பாராதது நடக்கும். ஈரோட்டுக்கு மஞ்சள் விலை கேட்கக் கூப்பிட்ட சிம்மக்கல் வியாபாரியால் ஒருவர் பாழுங்கிணற்றில் விழாமல் தப்பினார். மருமகளிடம் பேச விரும்பிய ஒரு அம்மாவால் இன்னொருவர் வழி தவறினார். அவர்கள் யாருக்கும் அது தெரியாது. ஊரே எங்களுக்குத் தாயம் உருட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அக்கா எங்களைக் கண்டுகொள்ளாததுபோல இருப்பார். ஆனால் பதிவை எழுதி முடித்ததும் பலகையைப் பார்த்தபடியே "நாலு" என்றோ "ஒம்பது" என்றோ சொல்லிவிட்டு, காதை எங்கள் பக்கம் வைத்துக்கொள்வார். எங்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்கும் விஷயம் தெரியும். விளக்கு எரிந்து யாரும் காத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாளில் காரைக்குடியும் சேர்ந்துகொண்டார். திண்டுக்கல் லைனையும் காரைக்குடி லைனையும் ஒரே ஒயரில் சேர்த்துவிட்டு நடுவில் நான் இருந்தால் மூன்று பேரும் பேசலாம். காரைக்குடி புதிதாகக் கல்யாணமான பெண். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அங்கே சமையல் யார் செய்கிறார்கள் என்று விசாரிப்பார். அவர் கேட்ட பிறகுதான் அந்த இடத்தில் ஒரு அடுப்பும், அடுப்புக்கு முன்னால் ஒரு ஆளும் உண்டாவார்கள்.

சொல்பவராக நான் மட்டும் இருந்தது சில மாதங்கள்தான். திண்டுக்கல் தன் பங்குக்குப் பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் சொல்ல ஆரம்பித்தார். காரைக்குடி தேவகோட்டைக்குச் சொன்னார். ஒரு மழைக்காலத்துக்குள் பல எக்ஸ்சேஞ்சுகளில் சொல்பவர்கள் உண்டாகிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கஷ்டம்: இடம் தீர்ந்துபோயிற்று. வேலை, சமையல், பிள்ளைகள் இவற்றுக்கு நடுவே யார் தினம் ஒரு கோட்டை கட்டுவது? அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது புத்தகம் ஞாபகம் வந்தது. நாமும் தயார் செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

அப்படித் தயார் செய்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஊர். ஆற்றுக்குள் படிக்கட்டும் ஊர்தான், நடுக்கடலில் நிற்கும் கப்பலும் ஊர்தான். "புதுசா ஒரு ஊர் வந்திருக்கு, தரவா?" என்று கேட்பார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் சொல்பவர்கள் மட்டும் பேசிக்கொள்வோம். கொடுப்பவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும்: எங்கே என்ன இருக்கிறது, யார் பொய் சொல்கிறார், எது ஆபத்து. வாங்குபவர் தன் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி எதையும் மாற்றலாம். யார் கட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை.

காரைக்குடி கொடுத்த ஊர் ஒரு வீடு. முற்றத்துக்குப் பின்னால் முற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும். முதல் முற்றத்தில் விடியற்காலை, அடுத்ததில் உச்சிவெயில், அதற்கடுத்ததில் அந்தி. கடைசி முற்றத்தில் என்ன நேரம் என்பதை மட்டும் வாங்குபவர் முடிவு செய்துகொள்ள வேண்டும். திண்டுக்கல் கொடுத்தது மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே நடக்க நடக்க, நாம் என்றைக்கோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட பேச்சு இலைகளுக்குள்ளிருந்து கேட்கும். எல்லாவற்றிலும் பெரிய வெற்றி சிம்மக்கல் அக்காவின் ஊர்தான். எனக்கு இதெல்லாம் வராது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் திடீரென்று ஒரு கல்யாண மண்டபத்தைக் கொடுத்தார். பந்தியில் இலை போட்டாயிற்று, சாம்பார் வந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். ஒருவருக்கும் தெரியாமல் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். விருதுநகர் வரைக்கும் அந்த மாப்பிள்ளையைத் தேடினார்கள்.

அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒருநாள் திண்டுக்கல் லைனில் வேறு குரல் வந்தது. அவங்க லீவு என்றது. மறுநாளும் அதே குரல். காரணம் கேட்டதற்கு, வீட்டில் ஏதோ உடம்பு சரியில்லையாம் என்றார்கள். பல வாரங்கள் போயின. காரைக்குடியும் நானும் பேசிக்கொண்டோம். ஆனால் ஆட்டம் ஓடவில்லை.

பங்குனி வெயில் ஆரம்பித்த பிறகு அவர் வந்தார். "மதுரை" என்று சொன்ன ஒரு சொல்லிலேயே குரல் மெலிந்திருப்பது தெரிந்தது. எப்படி இருக்கீங்க என்றேன். இருக்கேன் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. லைனில் யார் எங்கே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, அவரும் சொல்லும் நிலையில் இல்லை.

"மதுரை, எனக்கு ஒரு ஊரு குடுங்களேன்" என்றார். "யாரும் சாகாத ஊரா இருக்கட்டும். யாருக்கும் அடிபடக் கூடாது."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில், பஸ்ஸில், குளிக்கும்போது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆபத்தே இல்லாத இடத்தில் ஒருவர் எதற்காக மெல்ல அடியெடுத்து வைக்க வேண்டும்? எதற்காக ஒரு கதவைத் திறக்கத் தயங்க வேண்டும்? கடைசியில் அக்காவிடம் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் புள்ள, ஊரே மத்தியானத் தூக்கத்துல கெடக்குன்னு வையி. ஒருத்தரையும் எழுப்பாம அந்தத் தெருவுல நடந்து போகணும். அது போதாதா?"

போதும் என்று தோன்றியது. அன்றைக்கு இடைவேளையில் வெளியே வந்தபோது தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது. ரிக்‌ஷாவில் கால் நீட்டித் தூங்கும் ஆள், கடை வாசலில் ஆடாமல் தொங்கும் தராசு, வெயிலில் காயும் பாய். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். தெருவின் ஒரு முனையில் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மறுமுனையில் இருக்கும் கல்வளைவு வரைக்கும் போக வேண்டும். வழியெல்லாம் தூங்குகிறார்கள். வளையல் குலுங்கக் கூடாது. தூளியில் பிள்ளை அசைந்தால் நின்று ஆட்டிவிட்டுப் போக வேண்டும். கழுத்தில் மணி கட்டிய ஆடு ஒன்று பின்னால் வரும். கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர் தூக்கத்திலேயே கேள்வி கேட்பார். பதில் சொல்லாமல் போனால் விழித்துவிடுவார். அதனால் அவருடைய கனவுக்குப் பொருந்துகிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். யாராவது விழித்துவிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்தத் தூக்கம் வீணாகிவிடும், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல்லுக்கு அதைக் கொடுத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், இது போதும் மதுரை, என்றார்.

பிறகு ஆட்டம் பழையபடி நடந்தது. ஆடி போய் ஆவணியும் வந்தது. அந்த நாட்களில் கோவில்பட்டியிலிருந்து புதிதாக ஒரு குரல் எங்களோடு சேர்ந்தது. நல்ல கணீரென்ற குரல். தங்கள் பக்கத்தில் ஒரு ஊர் ரொம்பப் பேர் நடந்த ஊராக இருக்கிறது, மதுரைக்குச் சொல்லவா என்று கேட்டார். நான் சொல்லியே பழகியவள். நடந்து போகக் கிடைத்த சந்தர்ப்பம் குறைவு. சரி, வாரேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என் கையில் ஒரு பானைத் தண்ணீரைக் கொடுத்தார். தெருவில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. என் தெருவில் வேம்பு இல்லை. ஆட்டுக்குப் பதில் ஒரு வாத்துக் கூட்டம் வந்தது. பிறகு ஒரு மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு, கண் திறக்காமல் "யாரு போறது, நெல்லு காயுதா?" என்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் கட்டிய தெரு. சொல்லவில்லை. நெல் காய்கிறது, நீங்கள் தூங்குங்கள் என்று மெதுவாகப் பதில் சொல்லிவிட்டு நடந்தேன். நான் வைத்த வீடுகளுக்கு யார் யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். கதவுகள் இடம் மாறியிருந்தன. பிறந்த வீட்டுத் தெருவில் கனவில் நடப்பதுபோல இருந்தது.

தெரு முனைக்கு வந்தேன். என் ஊரில் அங்கே கல்வளைவு மட்டும்தான். கோவில்பட்டி சொன்ன ஊரில் வளைவுக்குப் பக்கத்து வீட்டு வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தூங்கவில்லை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நீ ஏன் தூங்கவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் பதிலை, கணீரென்ற குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோவில்பட்டி சொன்னார்.

"எந்திரிச்சதும் இவுக மொதல்ல என் மொகத்தப் பாக்கணும்ல. நானும் தூங்கிட்டா எப்படி?"

அவள் தாகமாக இருப்பதாகவும் சொன்னாள். தண்ணீரைக் கொடுத்தால் வளைவுக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. நான் கொடுத்துவிட்டேன். கோவில்பட்டி சிரித்தார். இங்கே நடந்தவர்களில் பாதிப்பேர் கொடுத்துவிட்டார்கள், மீதிப்பேர் கொடுக்காமல் போய்விட்டு அப்புறம் வருத்தப்பட்டார்கள் என்றார். இந்த ஊர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். விருதுநகர் கொடுத்ததாம். விருதுநகருக்குத் தேனி, தேனிக்கு வத்தலக்குண்டு. வத்தலக்குண்டுக்கு யார் கொடுத்திருப்பார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல்தான்.

லைனை எடுத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு நடை திண்டுக்கல் போயிப் பாத்துட்டு வா" என்றார். "இம்புட்டு நாளு பேசிப்பிட்டு, மொகம் தெரியாம என்ன பழக்கம்."

மறுநாள் திண்டுக்கல்லிடம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு வழி சொன்னார். சொல்பவராகவே சொன்னார். "பஸ் ஸ்டாண்டுல இறங்குறீங்க. எதுக்க பழக்கட வரிசை இருக்கு. வலப்பக்கம் ஒரு தெரு மலையப் பாத்துப் போகுது. என்ன செய்றீங்க?"

மலையைப் பார்த்து நடக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சமயநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, வாடிப்பட்டிக்கு அப்பால் வலது கைப்பக்கம் சிறுமலை நீலமாகக் கூடவே வந்தது. ரோட்டோரமாக டெலிபோன் கம்பங்கள் ஓடின. கம்பிகளில் கரிச்சான் குருவிகள் உட்கார்ந்திருந்தன. நான் தினம் பேசிய பேச்செல்லாம் இந்தக் குருவிகளின் காலடியில்தான் போயிருக்கிறது என்று நினைத்தபோது விநோதமாக இருந்தது. வாடிப்பட்டியைத் தாண்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

குரலை வைத்து நான் அவரை உயரமாக, ஒல்லியாக நினைத்திருந்தேன். வாசலில் நின்றவர் குட்டையாக, பருத்த உடம்பும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். என்னைப் பார்த்து அவரும் திகைத்தார். இன்னும் பெரிய பெண்ணாக இருப்பாய் என்று நினைத்தேன் என்றார். நேரில் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தடுமாறினோம். பிறகு நான் அக்கா என்றேன். அவர் மட்டும் மதுரை என்றே கூப்பிட்டார்.

உள்ளே கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர். பஸ் கண்டக்டர். தை மாதம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். வலது கையும் காலும் வாதத்தில் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பல வாரங்கள் கண் திறப்பதும் தூங்குவதுமாகவே இருந்திருக்கிறார். பிறகு வாய் அசைந்தபோது வந்தது தண்ணீர் என்ற சொல் அல்ல, மனைவி பெயரும் அல்ல. செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி. இருபது வருஷம் கூவிய ஊர்கள் வரிசை மாறாமல் வந்தன. தாகம் என்று சொல்ல முடியாமல் தேனி தேனி என்று சொல்லிக் கண்ணீர் விடுவாராம்.

அக்கா எனக்குக் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஒங்க தூங்குற ஊர நான் பழனிக்குச் சொல்லணும்னு வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன், இவுகளுக்குப் பக்கத்துல ஒக்காந்து. இவுக கேக்குறாகன்னே எனக்குத் தெரியாது. தெருக்கோடிக்கு வந்து, ஒருத்தரும் இல்லன்னு சொன்னேன். இவுக என் கையப் புடிச்சாக."

நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர்தான் மீதியைச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொன்றையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருபவர்போல.

"ஒருத்தி... முழிச்சிருக்கா."

ஊர்ப் பெயர் அல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அந்த வாசற்படிப் பெண்ணை வைத்தது அக்கா என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறி வந்திருந்தேன். வைத்தது அவர். அக்கா வத்தலக்குண்டுக்குக் கொடுத்தபோது அவளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிய நாட்களிலெல்லாம் இந்த அக்கா பக்கத்தில் விழித்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மத்தியானம் தோறும், வேலை இல்லாத நாட்களில், அக்கா அவருக்கு ஊர்களைச் சொல்லியிருக்கிறார். சொற்கள் ஒன்றிரண்டாகத் திரும்பின. காரைக்குடியின் கடைசி முற்றத்தில் மழை பெய்கிறது என்று சொன்னதும் அவர்தான். சிம்மக்கல் அக்காவின் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளையை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாராம். பசியோடு இருக்கிற ஆள், சமையல்கட்டில் பாருங்கள் என்றாராம்.

சாப்பாடு முடிந்ததும் அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "மதுரைக்கு... ஒரு ஊரு" என்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த ஊர் ஒரு பஸ். அது ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எங்கே போகிறோம் என்பது மறந்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொருவரையும் பார்த்து, அவர் கையில் இருப்பதைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, அவர் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து இறக்கிவிட வேண்டும். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. ஒரு இடத்தில் அவருக்குச் சொல் வரவில்லை. உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்தது. எனக்கு அது என்ன சொல் என்று தெரியும்போலவும் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. பனையோலை விசிறியை மெல்ல ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வெளியே தெருவில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மலைமேல் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"ஜன்னல்" என்றார் அவர். ஒரு கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளை மட்டும் கடைசியில் இறக்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும், ஆசைப்படுகிறாள்.

பின்னால் அவர் கம்பு ஊன்றி நடந்தார். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வாக்கியம் முழுசாக வர இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று என்று அக்கா சொல்வார். அதற்குள் ஆட்களே நேராக நம்பரைச் சுற்றி வெளியூருக்குப் பேசும் வசதி ஊர் ஊராக வந்துவிட்டது. எங்கள் பலகைகளைக் கழற்றினார்கள், எங்களை வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒத்தக்கடைப் பக்கம் குடிபோனேன். கணவருக்கும் குழந்தைகளுக்கும் சில ஊர்களைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையை.

திண்டுக்கல்லிலிருந்து வந்த மறுநாள் அது. மத்தியானம் விளக்குகள் அணைந்ததும், இன்றைக்கு நீங்களும் நடக்க வேண்டும் என்று சிம்மக்கல் அக்காவின் காதில் ஒரு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். காரைக்குடியையும் திண்டுக்கல்லையும் லைனில் சேர்த்தேன். திண்டுக்கல்லுக்கு அந்த பஸ் ஊர் தெரியும் என்பதால் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்ல வேண்டுமாம்.

"பஸ் போய்க்கிட்டிருக்கு" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் கண்டக்டரு. முன்னால ஒரு ஆளு மடியில பெரிய பூசணிக்காய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. எங்க போகணும்னு அவருக்குத் தெரியல."

காரைக்குடி அந்தப் பூசணிக்காய் பழுத்ததா, பிஞ்சா என்று விசாரித்தார். பழுத்தது என்றேன். அப்படியானால் விற்கப் போகவில்லை, விசேஷ வீட்டுக்குக் கொண்டுபோகிறார், யார் சமைக்கிறார்கள் என்று கேட்டால் வீடு தெரிந்துவிடும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சந்தைக்குப் போகிற ஆளைக் கல்யாண வீட்டில் இறக்கினால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். இரண்டு பேரும் உண்மையாகவே வாதாட ஆரம்பித்தார்கள். அதற்குள் ஒரு பதிவு வந்தது. அக்கா நம்பரை எழுதிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகியபடி, "பூஜ்யம்" என்றார்.

பூசணிக்காய்க்காரர் எழுந்து, கண்டக்டர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளிடம் போய் எங்கே போகணும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அக்கா சிரித்துவிட்டார். திண்டுக்கல் லைனில் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது தெரிந்தது. பஸ் போய்க்கொண்டிருந்தது. நான்கு மணிக்குப் பலகையில் சாயங்காலத்தின் முதல் விளக்கு எரிந்தது, பின்னாலேயே இன்னும் இரண்டு. பஸ்ஸில் பாதிப்பேர் இறங்காமல் இருந்தார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஒயர்களை உருவினேன்.